கழற்றாத அரைஞாண்

இல்லை என்றுதான் சொன்னேன். "சார் உடம்புல உலோகம் எதும் இல்லையேம்மா? மோதிரம், செயின், அரைஞாண்கொடி எல்லாம் கழட்டியாச்சா?" என்று சிஸ்டர் ஜெபசெல்வி கேட்டாள். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் கழட்டியாச்சு சிஸ்டர்" என்றேன். இரண்டாவது தடவையும் கேட்டாள், இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். அட்டையில் செருகியிருந்த தாளில் டிக் போட்டுவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போது மணி பத்து நாற்பது. கவரில் இருப்பவை என் வீட்டுக்காரர் குலசேகரனின் வாட்ச், பச்சைக்கல் மோதிரம், கழுத்துச் சங்கிலி, கீழ்வரிசைப் பல்செட்டு. வெள்ளி அரைஞாண்கொடி இதில் இல்லை. அது அவர் இடுப்பில் இருக்கிறது. இடுப்பில்கூட இல்லை, அதற்கும் கீழே, ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல நிக்கருக்குள், தொடை மடிப்பில், நான் என் கையால் இறக்கிவிட்டுப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய இடத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார்கள். ஊசி இறக்குவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து இடம் பார்ப்பார்கள், கால் மணி நேரம் அதற்கே ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கதவு நாலு எட்டு தூரம். எழுந்து போய்த் தட்டி, சிஸ்டர், ஒண்ணு மறந்துட்டேன் என்றால் முடிந்தது. மறந்துட்டேன் என்று சொன்னால் நம்புவார்களா? அம்பத்தைந்து வயசுப் பொம்பளை மறப்பது சகஜம்தான். நம்புவார்கள். ஆனால் அவர் நம்பமாட்டார். எழுந்திருக்கலாம், ஒரு நிமிஷம் கழித்து எழுந்திருக்கலாம். இந்த பெஞ்சு ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது? ஏசி நேராக என் பிடரியில்தான் அடிக்கிறது, மதுரை வெயிலெல்லாம் இந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

நானா ஒட்டினேன், அவர் ஒட்டச் சொன்னார். காலையில் பாத்ரூமுக்குள் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். "கீழ எறக்கி ஒட்டுடி. வெளிய தெரியக்கூடாது." நான், "டாக்டர் கழட்டச் சொன்னாருங்க" என்று ஆரம்பித்தேன். "டாக்டருக்கு என்ன தெரியும்? செத்தவன் இடுப்புல இருந்துதான்டி இதை அறுப்பானுக. நான் செத்துட்டனா? எங்கப்பனுக்கு அறுத்தப்ப நாந்தான் பக்கத்துல நின்னேன். சொல்லிப்புடாத. சொன்னே, வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்." வீட்டுக்கு வந்து பேசிக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. முந்தாநாளே சிஸ்டர் சொல்லியிருந்தாள், வெறும் இடுப்பாக இருக்கக் கூடாது என்றால் கறுப்பு நூல்கயிறு கட்டிக்கொள்ளட்டும், நூலால் ஒன்றும் ஆகாது என்று. அவளே ஒரு கயிறு வாங்கிவந்தும் கொடுத்தாள். அதை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். மின்வாரியத்தில் லைன்மேன் வேலை கிடைத்த மாதம் அவர் அப்பா போட்டுவிட்ட வெள்ளிக்கொடி இது. கூட வேலை பார்த்த முத்துவீரன் மெருகு போடுவதற்காகக் கொடியைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்துவிட்டுக் கம்பம் ஏறினானாம், அன்று சாயங்காலமே பிணமாக இறக்கினார்களாம். இந்தக் கதையைக் கல்யாணமான முதல் வாரத்தில் சொன்னார், இன்றைக்குக் காலையிலும் சொன்னார். அவர் கையில் ஊசி குத்தி ஒட்டிய பிறகு சிஸ்டர் பிளாஸ்திரி உருளையை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள், அதிலிருந்துதான் கிழித்தேன். மூன்று துண்டு கிழித்து நன்றாக அழுத்தி ஒட்டினேன். "பாத்து ஒட்டு, மயிரு பிடுங்குது" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வலிக்கவில்லை, அது செல்லத் தட்டு. அவர் அகராதியில் அதற்குப் பெயர் செல்லம்.

ஆனால் அவருக்குத் தெரியாதா? அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் இளம்பரிதி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகத்தானே சொன்னார். கல்லீரலில் புற்று, பெரிய நெல்லிக்காய் அளவு. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிக் கெட்டிப்பட்டுப்போயிருக்கிறது, ஆபரேஷன் தாங்காது. அதனால் வெட்டாமல் சுடப்போகிறோம் என்றார். சுடப்போகிறோம் என்று அவர் சொன்னதும் எனக்கு ஏனோ முதுகு நிமிர்ந்தது. விலா எலும்புக்கு நடுவில் ஒரு ஊசியை இறக்கி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் நிறுத்துவார்களாம். கரண்ட் கொடுத்தால் ஊசி முனையைச் சுற்றி மட்டும் சூடேறுமாம். கட்டி இருந்த இடத்திலேயே வெந்துபோகுமாம், வெளியில் ஒரு பொட்டு அளவுதான் காயம். "எவ்வளவு சூடு சார்?" என்று கேட்டேன். கொதிக்கிற தண்ணீர் அளவுக்கு என்றார். "அவருக்குத் தெரியுமா சார்?" என்றேன். டாக்டர் பாவம், மனசு இளகிப்போய், "தெரியாமப் பார்த்துக்குவோம்மா, அரை மயக்கத்துலதான் இருப்பார், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். என் முகம் வாடியது நிஜம். அதை டாக்டர் பாசம் என்று எடுத்துக்கொண்டார். அப்புறம், இரண்டு தொடையிலும் பெரிய ஒட்டு ஒட்டுவோம், உள்ளே போன கரண்ட் அது வழியாக வெளியே வந்துவிடும், அதனால்தான் உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக்கூடாது, இருந்தால் கரண்ட் அங்கே போய்க் குவிந்து தோலைப் பொசுக்கிவிடும் என்றார். உடனே இவர், "எர்த்துதானே சார்? நான் ஈபில முப்பத்திரண்டு வருசம்" என்றார். "கரெக்ட் சார்" என்று டாக்டர் சிரித்தார். அந்தக் கரெக்ட் சாரை மூன்று நாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். வார்டுக்குத் திரும்பி வரும்போது எனக்கே பாடம் எடுத்தார். "கரண்டுக்கு மானம் ரோசம் கிடையாது பூரணம். சுளுவா வழி கிடைச்சா அதுல எறங்கிரும். வெள்ளி இருக்கே, செம்பைவிட நல்லா விடும், தெரியுமா?" தெரியும், நீங்கள்தானே சொன்னீர்கள். உங்கள் வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் காலையில் அதே வெள்ளியை ஒட்டச் சொன்னால் நான் என்ன செய்வது? ஒட்டினேன். முப்பத்தொரு வருஷமாக நம் வீட்டு ஏற்பாடே அதுதானே, நீங்கள் சொல்வீர்கள், நான் செய்வேன். கொஞ்சம்கூட மாற்றவில்லை.

தாலியை நினைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன், அது தானாக வருகிறது. கர்ப்பப்பை எடுத்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயசு. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற நேரத்தில் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது, பிளாஸ்திரி போட்டு மறைத்துக்கொள்கிறேனே என்று கெஞ்சினேன். இவர் வாசலில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்று பார்த்தேன். "அதைக் கழட்டிக் குடு, பெரிய கண்ணகி" என்றார். அங்கிருந்த ஆயாவும் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். அவர் வாங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், சில்லறைக் காசும் ஸ்கூட்டர் சாவியும் கிடக்கிற பாக்கெட்டில். கண் விழித்ததும் கேட்டேன், வீட்டில் இருக்கு என்றார். மறுநாள் கேட்டேன், அட இருடி என்றார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து நான் துணி ஊறவைக்கும்போது சோப்புத் தண்ணீருக்குள் கையில் தட்டுப்பட்டது. அன்று நானே குளித்து, நானே சாமி படத்துக்கு முன்னால் நின்று, நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவர் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, என் கழுத்தில் இருப்பது பாக்கெட்டில் கிடந்தால் போதும், அவர் இடுப்பில் இருப்பதைத் தொட்டால் உயிர் போய்விடும். நல்ல நியாயம். சரி, இருக்கட்டும், அங்கேயே இருக்கட்டும். இப்போது உள்ளே ஒட்டுப் போட்டிருப்பார்கள். இல்லை, ஒட்டும்போது சிஸ்டர் பார்த்துவிடுவாள். பார்ப்பாளா? நிக்கரை இறக்கினால்தானே. இவர் இறக்க விடமாட்டார், பொம்பளை தொடக் கூடாது என்பார். பார்த்துவிட்டால் நல்லது. பார்க்காவிட்டால், பார்க்காவிட்டால் அதுவும்.

கதவு சாத்திய பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்த தேனிக்கார அம்மா ஆரஞ்சுச் சுளை ஒன்றை நீட்டுகிறாள், அவள் வீட்டுக்காரர் அடுத்து உள்ளே போகவேண்டியவர். "உங்க வீட்டுக்காரரு குடிப்பாரோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பீடி சிகரெட்டு?" அதுவும் இல்லை. "அடப் பாவமே. எங்க வீட்டுல ஊத்தி ஊத்தித்தான் இங்க வந்து கெடக்கு. நீங்க குடுத்து வச்சவுக." ஊர் முழுக்க இதையேதான் சொன்னது. குடிக்காத மனுஷன், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுப்பவர், அடுத்த வீட்டுப் பொம்பளையை ஏறெடுத்துப் பார்க்காதவர். அப்பேர்ப்பட்டவருக்கு எங்கேயோ எப்போதோ போட்ட ஊசியிலிருந்து காமாலைக் கிருமி ஒட்டியிருக்கிறது, முப்பது வருஷம் அமுக்கமாக இருந்து கல்லீரலைத் தின்றிருக்கிறது. எனக்கும் சோதித்தார்கள். எனக்கு இல்லை என்று வந்த அன்று அவர் என்னை முறைத்தார், நான் ஏதோ அவரை விட்டுவிட்டுத் தனியாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது மாதிரி. குளிக்கிற தண்ணீர் அவருக்கு ஒரு பதத்தில் இருக்கவேண்டும். மகள் வயிற்றில் இருந்த சமயம், ஒரு நாள் கொஞ்சம் சூடு கூடிப்போனது. கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அவர் சத்தமே போடமாட்டார். என் இடது கையைப் பிடித்து நீட்டி, சொம்பில் மொண்டு மணிக்கட்டு மேல் ஊற்றி, "இப்பப் பதம் தெரியுதா?" என்றார். பக்கத்து போர்ஷனில் கேட்கக் கூடாதென்று நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்தத் தழும்பை மகள் சின்ன வயசில் தடவிக்கொண்டே தூங்குவாள். என்னம்மா இது என்று கேட்பாள், சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்பேன். இன்றைக்கு அவள் பெங்களூரில் இருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டாள், அப்பாவுக்கு வலிக்காதில்லம்மா என்கிறாள். ஆரஞ்சு புளிக்கிறது.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கதவுப் பக்கம் நிற்கிறேன், கைப்பிடியில் கை இருக்கிறது. உள்ளேயிருந்து டாக்டர் குரல் கேட்கிறது. "மூச்சை இழுங்க சார். பிடிங்க. அசையாதீங்க." நானும் பிடித்துக்கொண்டேன். "விடுங்க" என்கிறவரை நானும் விடவில்லை. ஆக, ஊசி இறங்கிவிட்டது. கரண்ட் இன்னும் கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டார்களா? இப்போது தட்டவேண்டும். தட்டினால் என்ன ஆகும்? டாக்டருக்கு முன்னால் நிக்கரை இறக்கிக் கொடியை எடுப்பார்கள். கரெக்ட் சார் என்று சொன்ன டாக்டர் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஈபில முப்பத்திரண்டு வருஷம் இருந்த ஃபோர்மேன் இப்படிச் செய்யலாமா என்பார். அதை அவர் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார். உயிரோடு இருக்கிற வரைக்கும், ஒவ்வொரு நாளும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு அதைப் பரிமாறுவார். கட்டி வெந்துவிட்டால் இன்னும் அஞ்சு வருஷம், பத்து வருஷம்கூட ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். பத்து வருஷம். எனக்கு அப்போது அறுபத்தைந்து. கடவுளே, நான் அவர் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை, அவர் வேகவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சமாக, ஒரு கை அகலம், முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல். சீ, என்ன புத்தி இது. நினைத்ததும் வயிற்றில் ஒரு குளிர்ச்சி, அதற்கப்புறம்தான் பயம், அந்த வரிசையில்தான் வந்தது. "என்னம்மா, எதும் வேணுமா?" என்று தேனிக்காரம்மா கேட்கிறாள். கையை எடுத்துவிட்டேன். "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்கிறேன். நாலு நாளாக இங்கேயே கிடக்கிறேன், பாத்ரூம் எனக்குத் தெரியாதா. அவள் கை காட்டுகிறாள். காட்டிவிட்டாளே என்று போகவேண்டியதாகிவிட்டது. போய்க் குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவி, மறுபடி கழுவி, பொட்டைச் சரிபண்ணி, அவசரமே இல்லாதவள் மாதிரி நின்றேன். கண்ணாடியில் நல்ல குடும்பப் பெண்ணாகத்தான் தெரிந்தேன். திரும்பி வந்தபோது மணி பதினொன்று பத்து.

இனிமேல் தட்டிப் பிரயோசனம் இல்லை. அப்பாடா. இந்த அப்பாடாவை யாரிடமும் சொல்ல முடியாது. சிஸ்டரிடம் வேண்டுமானால் சொல்லலாம், அவள் கேட்கிற ஜாதி. நாலு நாளாக அவள் இல்லாவிட்டால் நான் தரையில்தான் தலையைப் போட்டிருப்பேன். நர்ஸ்கள் அறையிலிருந்து தலையணை கொண்டுவந்து கொடுத்தாள், டிபன் பாக்ஸ் மூடியில் பாதி எலுமிச்சம் சாதத்தை ஒதுக்கி என் பக்கம் தள்ளினாள். நாற்பது வயசு, இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் குவைத்துக்குப் போனவன் மூன்று வருஷமாகப் போனே பண்ணுவதில்லையாம். சொல்லி அழுதாள். நானும் கூடவே உச்சுக்கொட்டினேன், உள்ளுக்குள் எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாசம்தானாம், தை பிறந்தால் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லாம ஓட்டிட்டேன்னா போதும்மா" என்றாள். நல்லவள். அவள் இரண்டு தடவை கேட்டாள். ஒரு தடவை கேட்டிருந்தால்கூட உளறிவிட்டேன் என்று ஆகியிருக்கும். இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் நான் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். விளக்கு அணைந்துவிட்டது.

கதவு திறக்கிறது. டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு வருகிறார், நான் எழுந்து நிற்கிறேன், கவர் கையில் சலசலக்கிறது. "கட்டி முழுசா வெந்துடுச்சும்மா. சுத்தி நல்ல மார்ஜினோட வந்திருக்கு. இதைவிட நல்லா செய்ய முடியாது." கும்பிடுகிறேன். கை தானாகக் குவிகிறது. "ஆனா ஒண்ணு" என்கிறார். அவர் குரல் மாறுகிறது. "தொடை மடிப்புல தோல் வெந்திருக்கு. ஒரு கை அகலம், ஆழமாவே போயிருக்கு. ஒரு மாசம் ஒண்ணரை மாசம் கட்டுப் போடணும், வேற இடத்துல தோல் எடுத்து வைக்க வேண்டியும் வரலாம். உள்ள வெள்ளிக்கொடி இருந்திருக்கு. நம்ம வார்டு பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கு." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற சிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறார். "தாலிக்குச் செய்யிற மாதிரி ஒட்டி அனுப்பிட்டீங்களா? கேட்டீங்களா இல்லையா?" அவள் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. "கேட்டேன் சார். ரெண்டு தடவை கேட்டேன். அம்மாதான் கழட்டியாச்சுன்னு சொன்னாங்க. நான் ஒட்டல சார், சத்தியமா ஒட்டல." எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், தேனிக்காரம்மாவும் ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். வண்டியில் அவர் கிடக்கிறார். பல் இல்லாமல் வாய் உள்ளே போயிருக்கிறது, கண் பாதி திறந்திருக்கிறது. அந்தக் கண்ணும் என்னைத்தான் பார்க்கிறது. எனக்குத் தெரிந்த பார்வை இல்லை இது. கெஞ்சுகிறார். டாக்டருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சுகிறார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் கைக்குள் இருக்கிறார், ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் மானம் இந்தத் தரையில் கிடக்கும். இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், யாரையாவது ஒருத்தரைக் கைவிடவேண்டும். சிஸ்டரோடு நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை. "என்னை யாரும் ஒண்ணும் கேக்கலைங்க சார்" என்கிறேன். குரல் எவ்வளவு பதவிசாக வருகிறது. "அம்மா" என்கிறாள் ஜெபசெல்வி. அப்போது வண்டியிலிருந்து, பல் இல்லாத வாயிலிருந்து, கொழகொழவென்று ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி அவர் சொல்கிறார். "கேக்கல சார். அந்தம்மாதான் ஒட்டிவிட்டுச்சு." டாக்டர் சிஸ்டரிடம், "பேஷன்டை விட்டுட்டு ஆபீஸ் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். வண்டி நகர்கிறது. தள்ளுவது அவள்தான், என் பக்கம் அவள் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்து, தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசியது இன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கையை விடாமல் வண்டியோடு வார்டுக்கு நடக்கிறேன்.